எடை குறையாத தூள்

தெய்வசிகாமணி பல்லடத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியர். நாற்பத்தெட்டு வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டு, சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துக் கோவையில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்கு வந்துபோனார். வழிகாட்டிப் பேராசிரியை மங்கையர்க்கரசி அவரைவிட இளையவர். அதில் அவருக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் ஜெனிட்டாவைப் பற்றித்தான்.

ஜெனிட்டா போன வருடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பெண். யாருடைய மேசையில் வேலை நின்றுபோனாலும், "ஜெனி, அங்க கொஞ்சம் பாரும்மா" என்பார் பேராசிரியை. அவள் போய் நிற்பாள். ஏதோ ஒன்று கேட்பாள். நின்ற வேலை ஓடத் தொடங்கிவிடும்.

அவரை மட்டும் பேராசிரியை 'சார்' என்பார். அவளை 'ஜெனி' என்பார். அந்த ஒரு சொல் சிகாமணியின் காதில் முள்ளாகக் குத்தும். அவள் வந்து உட்கார்ந்துவிடக் கூடாதென்று பக்கத்து ஸ்டூலில் தன் பையை வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார்.

சாயப்பட்டறைக் கழிவுநீரின் சிவப்பு நிறத்தை நீக்குவது அவருடைய ஆராய்ச்சி. இரண்டு வருடமாக அந்தச் சிவப்பு அசைந்துகொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை ஜெனிட்டா அந்தப் பக்கமாகப் போகும்போது நின்றாள்.

"சார், இதுக்கு அமிலம் போதலையோ?"

எரிச்சலோடு சில சொட்டு விட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் தண்ணீர் தெளிந்துவிட்டது.

ஆய்வுக்கூடமே கைதட்டியது. தட்டியவர்கள் எல்லோரும் பார்த்தது ஜெனிட்டாவை.

சிகாமணிக்குச் சோறு இறங்கவில்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டு நேரே பேராசிரியையின் அறைக்குப் போனார்.

"மேடம், அந்தப் பொண்ண இனி என் மேசைக்கு அனுப்பாதீங்க."

"ஏன் சார்?"

"ரெண்டு வருஷம் மாடா உழைச்சது நான். கைதட்டு அவளுக்கு. இது யாரோட கண்டுபிடிப்புன்னு நீங்களே சொல்லுங்க."

மங்கையர்க்கரசி எழுந்துபோய் இரண்டு குடுவைகளை எடுத்துவந்து வைத்தார். இரண்டிலும் ஒரே அளவு ஹைட்ரஜன் பெராக்சைடு. பக்கத்தில் ஒரு சிட்டிகை கருப்புத் தூள், மாங்கனீசு டை ஆக்சைடு.

"ஒண்ணுல தூளைப் போடுங்க. வர்ற வாயுவை அளங்க."

"இது நான் பிளஸ் டூ பிள்ளைங்களுக்குச் செஞ்சு காட்டுறது மேடம்."

"எனக்கும் ஒருதடவை காட்டுங்க சார்."

சிகாமணியின் முகம் சிறுத்துப்போனது. இருந்தாலும் தூளை எடைபோட்டுவிட்டுப் போட்டார். குடுவை நுரைத்துப் பொங்கியது. தண்ணீரில் கவிழ்த்திருந்த ஜாடியில் வாயு மளமளவென்று ஏறி, பிறகு நின்றது. தூள் போடாத குடுவையில் அசைவே தெரியவில்லை.

"இந்த ஆக்சிஜன் தூளிலேர்ந்து வந்துச்சா?"

"இல்ல மேடம். பெராக்சைடிலேர்ந்து."

"தூள் போடலைன்னா?"

"அப்பவும் வரும். ரொம்ப நாளாகும். ஆனா கடைசியில அளவு ஒண்ணுதான்."

சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ கண்டுபிடிப்பு என்னுது."

"உங்களதுதான். யார் இல்லைன்னு சொன்னா?"

சிகாமணி எழுந்தார். பல நாள் இறங்காத பாரம் இறங்கியது போலிருந்தது.

"இருங்க சார். இன்னும் முடியல. அந்தத் தூளை வடிகட்டி, காயவெச்சு, மறுபடி எடை போடுங்க."

தூள் காயும்வரை காத்திருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஜெனிட்டா வேறு யாருடைய மேசையிலோ குனிந்து நின்றுகொண்டிருந்தாள். அங்கே யாரோ சிரித்தார்கள். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எடை என்ன சார்?"

"போட்டது அப்படியே இருக்கு மேடம்."

"அதையே புதுக் குடுவையில போடுங்க."

போட்டார். அதே வேகத்தில் பொங்கியது.

"இன்னும் எத்தனை குடுவைக்குப் போடலாம்?"

"எத்தனைக்கு வேணாலும்."

"அத்தனை குடுவைக்குள்ள போய் வந்தாலும், தூளுக்கு என்ன கிடைக்கும்?"

சிகாமணிக்குச் சிரிப்பு வந்தது. "அதுக்கு என்ன மேடம் கிடைக்கும்? அது வெறும் தூளுதானே."

"ஆமா, தூளுக்குச் சரி." பேராசிரியை கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார். "நானும் ஒரு வருஷமா அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உங்க எல்லார் மேசைக்கும் அனுப்பிட்டேன். அவளும் பட்டம் வாங்கத்தான் வந்திருக்கா. அவளோட ஆராய்ச்சி எதைப் பத்தின்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

தெய்வசிகாமணிக்குத் தெரியாது. தன் மேசைக்குப் போய், பக்கத்து ஸ்டூலில் இருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தார்.