கறுப்புக் குதிரையின் நீச்சல்

கருவேலம்பட்டி ஜமீன்தார் விஜயரங்கப்பருக்குப் போர் விளையாட்டென்றால் உயிர். மணல் பரப்பி, நீலப்பொடியால் ஆறு வரைந்து, இரு கரையிலும் கோட்டை கட்டி, சுட்ட மண்பொம்மைப் படைகளை நகர்த்துவார். சிவப்புப் படை எப்போதும் அவருடையது, கறுப்பு எதிராளிக்கு. தோற்கிற மாதிரி தெரிந்தால் போதும், புது விதி ஒன்று முளைத்துவிடும்!

அந்தப் பொம்மைகளைச் செய்த சடைச்சி ஒருநாள் வந்து நின்றாள். "எசமான், குளத்துல மண்ணெடுக்கக் கூடாதுன்னுட்டீங்க. சூளை அணைஞ்சு மூணு மாசமாச்சு."

"ஆட்டத்துல என்னை ஜெயி. குளத்தைத் திறந்துவிடுறேன்," என்று மீசையை முறுக்கினார் ஜமீன்தார்.

"சரிங்க. ஆனா விதியெல்லாம் ஆட்டத்துக்கு முன்னாடியே எழுதிடணும். கடைசி விதி மட்டும் என்னுது."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஜமீன்தார் சம்மதித்து, கணக்குப்பிள்ளையிடம் மளமளவென்று சொன்னார்: "சிவப்புக் குதிரை ஆத்தைக் கடக்கும், கறுப்பு முழுகிடும். சிவப்பு யானை மூணு அடி தாங்கும், கறுப்பு ஒரே அடியில சாயும். ம், உன் விதியைச் சொல்லு."

"யாருக்கு எந்தப் படைன்னு சோழி உருட்டித் தீர்மானிக்கணும்ங்க."

ஜமீன்தார் சோழியைப் பார்த்தார், கறுப்புக் குதிரையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, கறுப்புக் குதிரைக்கும் நீச்சல் தெரியும்னு எழுதும். யானையெல்லாம் ஒண்ணுதான்."

அப்புறமென்ன? சோழி சடைச்சிக்குக் கறுப்பைக் கொடுத்தது. பொழுது சாய்வதற்குள் கறுப்புக் குதிரை ஆற்றை நீந்திப் போய்ச் சிவப்புக் கோட்டைக்குள் நின்றது.

"இப்படி நீந்துதே, இது என்ன குதிரை!" என்று பல்லைக் கடித்தார் ஜமீன்தார்.

"உங்க குளத்து மண்ணுங்க," என்றாள் சடைச்சி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டே. "தண்ணி அதுக்குப் பழக்கம்தான்."