தொட்டில் போன்ற பின்சீட்டு

புகை விடாது, உறுமாது. சுவரில் வாய் வைத்துக் குடித்துவிட்டுக் காற்றாய்ப் பறக்கும். அது என்ன? மின்சாரக் கார் என்றால் நீங்கள் கெட்டிக்காரர்தான்.

அப்படியொரு குட்டிக் கார் திருப்பூர் பனியன் முதலாளி குழந்தைவேலுவிடம் இருந்தது. கார்ப் பத்திரிகை ஒன்று, "வேகத்தில் இதுவே முதல், ஆனால் பின்சீட்டு இடுப்பை ஒடிக்கிறது" என்று எழுதிவிட்டு, எதிர்வீட்டு டாக்டர் ரெஜினா வைத்திருக்கும் மெதுவான மின்சாரக் காருக்கு முதலிடம் கொடுத்துவிட்டது. முதலாளிக்கு வயிறு எரிந்தது. அந்த அம்மா கார் துடைப்பதுகூடத் தன்னைக் குத்திக்காட்டத்தான் என்று நினைத்தார்.

டிரைவர் மாசிலாமணியைக் கூப்பிட்டார். "பின்சீட்டு தொட்டிலாட்டம் இருக்குதுன்னு பத்திரிகைக்கு எழுது. பொய்னு ஒருத்தன் சொன்னாலும் உனக்கு இங்கே வேலையில்லை!"

மாசிலாமணி தலையைச் சொறிந்தார். "சொந்தக்காரர் குரலையே பதிஞ்சு அனுப்பினா, பொய்னு யாருங்க சொல்லுவாங்க? நீங்க பின்னாடி உட்கார்ந்து என் போன்ல பேசுங்க. நான் ஓட்டறனுங்க."

மாசிலாமணி ஓட்டுவதெல்லாம் கம்பெனி வண்டிதான்; இந்தக் காரில் முதலாளி அதுவரை ஸ்டியரிங்கை விட்டு நகர்ந்ததில்லை. பின்சீட்டு எப்போதும் மகள் இலக்கியாவுக்குத்தான். அன்று அவள் பக்கத்தில் அவரும் ஏறினார்.

"வாசகர்களே, இந்தப் பின்சீட்டு தொட்டில்…" என்னும்போதே முதல் வேகத்தடை வந்தது. "அய்யோ!" அடுத்ததில், "என்ற இடுப்பு போச்சே!"

வீட்டு வாசலில் மாசிலாமணி பதிவைச் சத்தமாக ஓடவிட்டார். எதிர்வாசலில் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அனுப்பிடட்டுங்களா முதலாளி?"

"அழிச்சுத் தொலைப்பா!"

அத்தோடு கடிதப் பேச்சும் நின்றது, வேலை போகும் பேச்சும் நின்றது.

மறுநாள் காலை இலக்கியா பள்ளிக்குப் புறப்பட்டபோது, முதலாளியின் காரும், "நானே இறக்கிவிடறேன்" என்று டாக்டர் கொண்டுவந்த காரும் வாசலில் நின்றன. "எதுல போறே கண்ணு?" என்றார் முதலாளி.

இலக்கியா டாக்டரின் காரில் ஏறிக்கொண்டாள்.