குழாய்ச் சத்தம்

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சவரிமுத்துவுக்குச் சத்தம் என்றாலே ஆகாது. வராந்தாவில் அவர் ஒரு செருமல் செருமினால் பள்ளிக்கூடமே கப்சிப். அந்தப் பழக்கம் லேசில் போகுமா? மனநல ஆலோசனை படித்து, திருச்சியில் நூர்ஜஹானிடம் பயிற்சிக்குச் சேர்ந்த பிறகும் போகவில்லை.

நூர்ஜஹானுக்கு அவர் மகள் வயது. ஆனாலும் அவள்தான் குரு. வீடியோவில் வருகிறவர்களுக்கு மூச்சைக் கவனிக்கவும் படபடப்பைச் சமாளிக்கவும் சொல்லிக்கொடுப்பது அவர்கள் வேலை.

அன்று காலை வீடியோவில் ரேணுகா வந்திருந்தாள். எப்போதும் குளியலறையிலிருந்துதான் பேசுவாள். கூட்டுக் குடும்பம். "பைத்தியத்துக்கு வைத்தியமா?" என்று அவளுடைய மாத்திரைகளை மாமியார் சாக்கடையில் கொட்டிய கதை சவரிமுத்துவுக்குத் தெரியும். இந்தப் போனும் பறிபோனால் அவளுக்கு வேறு நாதியில்லை.

பின்னால் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வாளி நிரம்பி வழிகிறது, கவனிக்க மாட்டேனென்கிறாளே என்று அவருக்குப் பொறுக்கவில்லை.

"குழாயை மூடும்மா. மனசு ஒருநிலைப்பட வேணாமா?"

"இருக்கட்டும் சார்."

"மூடும்மா, சொல்றேன்ல."

மூடினாள்.

"இப்ப சொல்லு."

"நெஞ்சு கிடந்து அடிச்சுக்குது சார். இந்த வீட்டுல..."

கதவு தடதடவென்று அதிர்ந்தது. "உள்ள யார்கூடடி பேசிக்கிட்டிருக்க?" என்று ஒரு கிழட்டுக் குரல். அவ்வளவுதான். திரை இருண்டது.

சவரிமுத்து அவளைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

"வைங்க சார்" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நூர்ஜஹான். "நீங்களா கூப்பிடாதீங்கன்னு முதல் நாளே கேட்டுக்கிட்டாங்க. போன் இப்ப யார் கையில இருக்கோ?"

"அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"கொஞ்ச நேரம் பார்ப்போம். வரலைன்னா அவங்க அண்ணன் நம்பர் இருக்கு, நான் பேசறேன்."

"என்னால முடியல மேடம்."

"கால் ரெண்டையும் தரையில பதிய வைங்க. மூச்சைக் கவனிங்க."

"இந்த நேரத்துலயா!" கத்தியே விட்டார்.

"அவங்களை வேற எந்த நேரத்துல செய்யச் சொன்னீங்க?"

சவரிமுத்து உட்கார்ந்தார். காலை ஊன்றினார். எத்தனையோ பிள்ளைகளை அடக்கியவருக்குத் தன் மூச்சு அடங்கவில்லை. பிடித்தார், நழுவியது. மறுபடி பிடித்தார்.

"நான் என்ன தப்பு பண்ணினேன் மேடம்? குழாயைத்தானே மூடச் சொன்னேன்?"

நூர்ஜஹான் எழுந்துபோய் ஆபீஸ் குளியலறைக்குள் நுழைந்து தாழ் போட்டுக்கொண்டாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

நன்றாக இருக்கிறது! இங்கே ஒரு உயிர் ஊசலாடுகிறது, இந்தம்மா வாளி நிரப்பப் போய்விட்டாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவை ஒட்டிப் போய் நின்றார்.

"மேடம்! என்ன பண்றீங்க?"

தண்ணீர்தான் விழுந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது. கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

"நான் பேசினது கேட்டுச்சா சார்?"

"ஒண்ணும் கேக்கலையே."

"உங்களைத்தான் திட்டினேன். நல்லா வாய்விட்டு."

சவரிமுத்து அவளையே பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். தான் நிற்கும் இடத்தையும் பார்த்தார். "ஐயோ, படுபாவி நான்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. ரேணுகா. முகம் தெரியவில்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது.

"சார், பாட்டு பாடினேன்னு சொல்லிட்டேன். நம்பிட்டாங்க." குரல் நடுங்கியது. "குழாயை மூடட்டுமா சார்?"

"வேணாம்மா. ஓடட்டும். நான் இங்கேயேதான் இருக்கேன். நீ பேசு."

அவள் பேசினாள். இடையில் அழுதாள். பேச்சு பாதி, தண்ணீர் பாதியாக வந்து விழுந்தது. சவரிமுத்து தவித்துப்போய், தன் குரல் அந்தப் பக்கம் போகாதபடி ஒலியை நிறுத்திவிட்டு, நூர்ஜஹான் பக்கம் திரும்பினார்.

"மேடம், பாதிதான் கேக்குது. என்ன செய்யட்டும்?"

"வெளிய நிக்கிறவங்களுக்கு அந்தப் பாதியும் கேக்காது சார். நீங்க கேளுங்க."