புழுவின் வயிறு

மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. வீடிழந்த சில குடும்பங்கள் பூரணி அம்மையின் மடத்துக்கு வந்து தங்கின. கீழேயிருந்து காய்கறி வர வழியில்லை. தோட்டத்து முட்டைக்கோஸ்தான் சோற்றுக்குத் துணை. அதிலும் புழு விழுந்தது.

தோட்டம் சகாதேவனின் பொறுப்பு. கல்லூரியில் பூச்சியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அம்மையைவிட வயதில் மூத்தவர். எந்த உயிரையும் கொல்ல மாட்டேன் என்று அம்மையிடம் சத்தியம் செய்து சீடரானவர்.

இலைகள் சல்லடையாவதை அவரால் பார்க்க முடியவில்லை. தன் பெட்டியிலிருந்த பொடியைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தார்.

"என்ன தெளிச்சீங்க?" என்று கேட்டார் அம்மை.

"விஷம் இல்லம்மா. மண்ணுல இருக்கிற ஒரு பாக்டீரியா. பாருங்க."

தெளித்த இலையிலேயே ஒரு துண்டு கிள்ளி மென்று விழுங்கினார்.

சாயங்காலமே புழுக்கள் தின்பதை நிறுத்திவிட்டன. சகாதேவனுக்கு நிம்மதி. அடுத்தடுத்த நாட்களில் அவை துவண்டு, கறுத்து, இலை விளிம்பில் தொங்கின. ஒன்றைத் தொட்டார். தோல் கிழிந்து நீராக வடிந்தது.

வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டதுதான். ஆனாலும் விரலைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

மதியப் பந்திக்கு இலை போடும் நேரத்தில் அம்மையிடம் வந்தார்.

"ஒரே குழப்பமா இருக்கும்மா."

"சொல்லுங்க."

"அந்தப் பாக்டீரியாவுக்குள்ள ஒரு படிகம் இருக்கு. சும்மா கிடக்கிற பொருள். நம்ம வயித்துல அமிலம், அதனால எனக்கு ஒண்ணும் ஆகல. புழுவோட குடல் சோப்புத் தண்ணி மாதிரி. அதுலதான் படிகம் கரையும். புழுவோட செரிமான நீரே அதை வெட்டி நஞ்சாக்கும். அந்த நஞ்சு குடல்ல ஓட்டை போடும். முதல்ல பசி போகும். அப்புறம் உயிர்."

"சரி."

"நான் குடுத்தது நஞ்சு இல்ல. நஞ்சாக்கினது அதோட வயிறு. அப்ப கொன்னது யாரு? நான் சத்தியத்தை மீறினேனா, இல்லையா?"

"தெளிக்காம விட்டிருந்தா?"

"பிள்ளைங்க வெறும் சோறு தின்னிருக்கும். தப்புன்னும் சொல்ல முடியல, தப்பில்லைன்னும் சொல்ல முடியல."

"அன்னிக்கு இலையைக் கடிச்சீங்களே, எதுக்கு?"

"விஷம் இல்லைன்னு காட்ட."

"யாருக்கு?"

சகாதேவன் வாழையிலைக் கட்டை எடுத்துக்கொண்டு பந்திக்கு நடந்தார்.

உள்ளே முட்டைக்கோஸ் கூட்டு இறக்கிவிட்டார்கள். குழந்தைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். அம்மையும் அவர்களோடு உட்கார்ந்தார். அவர் முன்னால் இலையை விரிக்கப் போன சகாதேவனின் கையைத் தடுத்தார்.

"இந்தப் பிள்ளைங்களுக்காகக் கொன்னேன்னு சொல்லுங்க, உங்களோட சேர்ந்து நானும் சாப்பிடறேன். புழுவோட வயிறுதான் கொன்னுச்சுன்னா, எனக்கு இலை போடாதீங்க."