வலிக்காத இடம்

பொதிகை மலையடிவாரத்தில் பெண்களுக்கென்று ஓர் ஆசிரமம். மொத்தமே ஒன்பது பேர். அதில் ஒருவர் ஞானி. மற்ற எட்டுப் பேர் ஞானத்துக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவர்கள்.

ஞானியை எல்லோரும் அம்மை என்று கூப்பிட்டார்கள். வயது நாற்பத்திரண்டுதான். பதினோரு வயதிலிருந்து அவருக்குச் சர்க்கரை நோய். ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றிலோ தொடையிலோ இன்சுலின் போட்டுக்கொள்வார். ஊசி இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் 'ஸ்ஸ்' என்பார். யார் இருந்தாலும் அப்படித்தான். புதிதாக வருகிறவர்கள், ஞானிக்குக்கூடவா சர்க்கரை வரும் என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள். யார் ஞானி, யார் இல்லை என்று சர்க்கரைக்கு எப்படித் தெரியும்?

எட்டுப் பேரில் மூத்தவர் உலகம்மாள். அறுபது வயது. பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து, எட்டு வருடத்துக்கு முன்னால் வேலையை உதறிவிட்டு வந்தவர். வெயிலில் மயங்கி விழுகிற பிள்ளைகளை அவருக்குப் பிடிக்காது. மயங்காத பிள்ளைகளையும் பெரிதாகப் பிடிக்காது. அவரை எல்லோரும் 'டீச்சர்' என்றே கூப்பிட்டார்கள், அம்மை உள்பட.

டீச்சருக்கும் சர்க்கரை உண்டு. மாத்திரை பலிக்காமல் ஊசிக்கு வந்து இரண்டு வருடமாகிறது. முதல் நாள் மருந்துக்கடைக்காரர், "இன்சுலின் பேனாவுக்கு ஊசி நாலு எம்எம் தரவா, எட்டு எம்எம் தரவா?" என்று கேட்டார்.

"பெருசு எது?" என்றார் டீச்சர். எட்டு எம்எம்மோடு திரும்பி வந்தார்.

அம்மை போட்டுக்கொண்டது நாலு எம்எம் ஊசி. குட்டையாக, மெல்லிசாக, கொசுவின் மூக்கு மாதிரி இருக்கும். அதுவும் ஒரு தடவைக்கு ஒன்று. போட்டு முடித்ததும் கழற்றிப் பழைய பினாயில் புட்டிக்குள் போட்டு மூடிவிடுவார். டீச்சருக்கு ஓர் ஊசி பத்து நாளைக்கு வரும். துறவு என்று வந்தபிறகு ஊசியில் என்ன தாராளம் என்பது டீச்சரின் கட்சி. குருவாகவே இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தைத் தன்னிடம் கற்றுக்கொள்ளலாம் என்றுகூட நினைத்திருக்கிறார். வெளியில் சொன்னதில்லை.

ஆனி மாதச் சாரலில் வேர் தடுக்கி டீச்சரின் வலது கால் சுண்டுவிரலில் காயம்பட்டது. சின்னக் காயம்தான். ஏழு வாரமாகியும் ஆறவில்லை. விரல் கறுத்துக்கொண்டே வந்தது. சர்க்கரை முந்நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கமாட்டேன் என்றது. மருந்தின் அளவைக் கூட்டிக் கூட்டி, இருபது யூனிட்டில் தொடங்கியது முப்பத்தாறில் வந்து நின்றது.

தென்காசியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு வாரம் பாப்போம். சர்க்கரை இறங்கலைன்னா விரலை எடுத்திரணும். விட்டா பாதத்துக்கு ஏறிரும்" என்றார்.

டீச்சர் கலங்கவில்லை. 'சரி' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார். ஆசிரமத்தில் அதை நாலு நாள் வியந்து பேசினார்கள். அம்மை மட்டும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம். சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டாகிவிட்டது. அம்மை ஊசி போட்டுக்கொண்டு 'ஸ்ஸ்' என்றார்.

"அம்மை, ஒண்ணு கேக்கணும்" என்றார் டீச்சர். "தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்க டீச்சர்."

"முப்பது வருசமா ஊசி போடுதீங்க. இன்னுமா வலிக்கு?"

"வலிக்கே."

"எனக்கு ரெண்டே வருசந்தான். ஒங்களைவிடப் பெரிய ஊசி. மந்திரத்தைச் சொல்லிக்கிட்டே போடுதேன், போட்டதே தெரிய மாட்டேங்கு. உடம்பு வேற, நான் வேறன்னு சொல்லிக் குடுத்தது நீங்க. சொல்லிக் குடுத்தவங்களுக்கு வலிக்கு, கேட்டுக்கிட்டவளுக்கு வலிக்கல. இது எப்படி அம்மை?"

சாம்பார் வாளியோடு வந்த பெண் வாளியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். குருவிடம் இப்படி ஒரு கேள்வியை அந்தக் கூடத்தில் யாரும் கேட்டதில்லை.

அம்மைக்குக் கோபம் வரவில்லை. உண்மையாகவே யோசித்தார்.

"எனக்கும் புரியல" என்றார். "நீங்க இன்னும் போடலைல்லா? ரூமுக்கு வாங்க. எனக்கு முன்னால போட்டுக் காட்டுங்க."

"சோறு ஆறிருமே."

"ஆறட்டும்."

அறையில் டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். ஊசி ஏற்கெனவே அதில் மாட்டியிருந்தது. அளவை முப்பத்தாறில் திருப்பி வைத்தார். சேலையை விலக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மந்திரத்தை முணுமுணுத்தது. கை, தேடாமல் கொள்ளாமல், தொப்புளுக்கு இடது பக்கம் ஓர் இடத்துக்குப் போய் நின்றது.

"பொறுங்க" என்றார் அம்மை. "எப்பவும் அங்கதானா?"

"மொதல்ல சுத்திச் சுத்தித்தான் போட்டேன். மத்த எடமெல்லாம் ஊசி பட்டா துள்ளுச்சு. இந்த ஒரு எடந்தான் பணிஞ்சு வந்துச்சு. பொறவு இதை மாத்தல."

"எம்புட்டு நாளா?"

"ஒண்ணேகால் வருசம் இருக்கும்."

அம்மை கையைக் கழுவிக்கொண்டு வந்து அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு டீச்சரின் விரல்களைப் பிடித்து அங்கே வைத்தார்.

"அமுக்குங்க. இப்ப வலது பக்கம் அமுக்குங்க. இன்னொருக்க இடது பக்கம்."

வலது பக்கம் தோல் மெத்தென்று அமுங்கியது. இடது பக்கம், பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்த அளவுக்கு ஒரு கட்டி. ரப்பர் மாதிரி இருந்தது. டீச்சர் நகத்தால் கிள்ளிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"கொழுப்புன்னுல்லா நெனச்சேன்" என்றார். எலும்பும் தோலுமாக இருக்கிற மனுஷி.

அம்மை பேனாவிலிருந்து அந்த ஊசியைக் கழற்றி ஒரு துண்டுப் பஞ்சின் மேல் இழுத்தார். பஞ்சு ஊசியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. புது ஊசி ஒன்றைப் பிரித்து இழுத்தார். பஞ்சு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"ஒங்க ஊசிக்கு முனை வளைஞ்சு போச்சு டீச்சர். அது குத்தல. தெனமும் உள்ள பிச்செடுத்திருக்கு."



அம்மை தன் சேலையை முழங்காலுக்கு மேலே ஒதுக்கிக் காட்டினார். தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மேடும் பள்ளமுமாக இருந்தது.

"பதிமூணு வயசுல எனக்கும் வலிக்காத எடம் ஒண்ணு இருந்துச்சு. வீட்ல ஒருத்தருக்கும் சொல்லல. நான் பெரிய கெட்டிக்காரின்னு நெனச்சுக்கிட்டேன். நாலு நாள் நெனவில்லாம ஆஸ்பத்திரியில கெடந்தேன்."

"மருந்து போட்டீங்கள்லா?"

"ஒரு வேளைகூடத் தப்பாமப் போட்டேன். அது ஒழுங்கா ரத்தத்துக்குப் போகல. கட்டியிலயே தங்கிட்டு."

டீச்சர் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஒன்றேகால் வருடமாக ஏற்றிய மருந்து எங்கே போனது என்று இப்போது தெரிந்துவிட்டது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவருக்குப் பயம் வந்தது. நல்ல பயம்தான், கொஞ்சம் பிந்தி வந்தது.

"பக்குவம்னு நெனச்சேனே அம்மை" என்றார். "ஒங்களைத் தாண்டிப் போயிட்டேன்னு நெனச்சேனே."

 அம்மை போனை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார்.

சாப்பாட்டை முடித்துக்கொண்டு அன்று பிற்பகலே இருவரும் தென்காசியில் இருந்தார்கள். நர்ஸ் ஜெபக்கனி கட்டியை அமுக்கிப் பார்த்து, மைப்பேனாவால் சுற்றி வட்டம் போட்டார்.

"இந்த வட்டத்துக்குள்ள இனி ஊசி வரக் கூடாது. எத்தனை மாசமானாலும் சரி. மத்த எடத்துலயும் ஒரே புள்ளியில குத்தாதீங்க, ஒரு விரக்கடை தள்ளித் தள்ளிப் போகணும். ஒரு ஊசி, ஒரு தடவை. இன்னொண்ணு கேட்டுக்கோங்க. பழைய முப்பத்தாறைத் தூக்கிப் புது எடத்துல போட்டுறாதீங்க. அது முழுசும் ரத்தத்துல ஏறி ஆளைச் சாச்சிரும். டாக்டர் பதினெட்டுன்னு எழுதியிருக்காரு. தெனமும் நாலு தடவை சர்க்கரை பாத்து எனக்குப் போன் பண்ணணும்."

"எட்டு எம்எம்தான போடணும்?"

"எதுக்கு? ஒங்க உடம்புக்கு எட்டு போட்டா சதைக்குள்ள போயிரும். தோலுக்குக் கீழ போனாப் போதும். அதுக்கு நாலு தாராளம்."

"நாலு எம்எம் சின்னப் பிள்ளைகளுக்குள்ளதுன்னு நெனச்சேன்."

"எங்க டாக்டர் நூத்திப் பத்துக் கிலோ. அவருக்கும் நாலுதான்" என்றார் ஜெபக்கனி.

அன்று சாயங்காலம் டீச்சர் வலது பக்கம் போட்டுக்கொண்டார். எறும்பு கடித்த அளவு வலிதான். ஆனால் எறும்புக் கடியைக்கூட அறியாமல் ஒன்றேகால் வருடம் இருந்தவர் அல்லவா, 'யம்மா' என்று கத்திவிட்டார். சமையலறையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். டீச்சருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூன்றாம் நாள் சர்க்கரை இருநூற்று நாற்பது. ஆறாம் நாள் நூற்றெழுபது. டாக்டருக்கே சந்தோஷம். ஆனால் சுண்டுவிரல் அதுவரை காத்திருக்கவில்லை. அதை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது.

"ஒரு மாசம் முந்தி இந்தக் கட்டியைப் பாத்திருந்தா விரலும் நின்னிருக்கும்" என்றார் டாக்டர். அது உண்மை. ஆறுதலுக்காக அவர் அதை மாற்றிச் சொல்லவில்லை.

கட்டு மாற்ற ஒரு நாள்விட்டு ஒரு நாள் போகவேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அம்மை கூட வந்தார். நான்காவது தடவை போனபோது கூட்டம். இருவரும் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் அன்று காலையிலிருந்தே யாரிடமும் பேசவில்லை.

"அம்மை."

"சொல்லுங்க."

"என் தங்கச்சி சொர்ணம் எறந்து நாலு வருசமாச்சு."

"ஆமா."

"அவளுக்கு மூணு வயசுல எங்கம்மா போயிட்டா. நாந்தான் வளத்தேன். அவளுக்குச் சடை பின்னிவிட்டுட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போவேன். சேதி வந்ததும் போனேன். தலமாட்டுல உக்காந்தேன். தூக்கினதும் பஸ் ஏறிட்டேன். சாயங்காலம் தியானத்துக்கு இங்க வந்தாச்சு. ஒரு சொட்டுக் கண்ணீர் வரல."

அம்மை கேட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர் எம்புட்டுப் பக்குவப்பட்டுட்டாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நீங்க மட்டும் ஒண்ணும் சொல்லல."

"சொல்லல."

"இப்பவும் அவளை நெனச்சா ஒண்ணும் ஆகல. சும்மா இருக்கு. அமைதின்னுதான் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

உள்ளேயிருந்து ஜெபக்கனி டீச்சரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். டீச்சர் எழுந்திருக்கவில்லை. அம்மையின் முகத்தையே பார்த்தார்.

"அதுவும் கட்டிதானா, அம்மை?"

"எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்?" என்றார் அம்மை. "அங்க ஒங்க கைதான் எட்டும்."