கூடைக்குள் அடங்காத மின்மினி

“உர்ர்ர்... உர்ர்ர்...”

ஒரு காட்டில் பொழுது சாய்ந்ததும் இப்படி ஒரு சத்தம் கேட்டது. மெலிதான, விநோதமான சத்தம். தும்பை என்ற முயலம்மா நடுங்கிப்போய்த் தன் குட்டிகள் மொட்டையும் துள்ளுவையும் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

வாசலில் நரியண்ணன் வந்து நின்றான்.

“இதுக்கா நடுக்கம், தும்பையக்கா? அது வெறும் வண்டு! சின்னச் சத்தம் போட்டால் சின்னப் பிராணிதானே? வெளியே வாங்க. மலைமுகட்டில் ஒரு மின்மினி உட்கார்ந்திருக்கு, ஆரஞ்சு நிறத்தில்! பிள்ளைகளுக்குப் பிடித்துத் தருகிறேன்.”

குட்டிகள் எட்டிப் பார்த்தார்கள். முகட்டுக்கு மேலே மங்கலாய் ஓர் ஆரஞ்சுப் புள்ளி!

“எனக்கு!”

“போடா, எனக்குத்தான்!”

“சுடுமோ?” என்றாள் தும்பை.

“வெள்ளையாய் ஜொலிப்பதுதான் ரொம்பச் சுடும். இது ஆறிவரும் தணல் நிறம். சரியான பயந்தாங்கொள்ளி அக்கா நீங்க!”

தும்பைக்கு வெட்கமாகிவிட்டது. புறப்பட்டாள். ஓட ஓட, குட்டிகளின் உற்சாகம் அவளையும் தொற்றிக்கொண்டது. புதரைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, பாறைமேல் ஏறினார்கள்.

“அம்மா, இவ்வளவு தூரம் வந்தும் அது பெரிசாகவே இல்லையே!” என்று துள்ளு சிணுங்கினான்.

நரி வெகுதூரம் முன்னே ஏறிப்போயிருந்தான். தும்பை நிமிர்ந்து பார்த்தாள். மின்மினி என்றால் நாலு தாவலில் பெரிதாகுமே!

“அடே துள்ளு! அது நட்சத்திரம்! எங்கேயோ கோடியில் இருக்கு. அங்கிருந்தும் நம் கண்ணுக்குத் தெரியுதென்றால், அது எப்பேர்ப்பட்ட பூதமாய் இருக்கணும்!”

சந்தோஷத்தில் குதித்தாள். குதித்த கால் தரையில் படுமுன் காதுகளை நிமிர்த்தினாள்.

“உர்ர்ர்...”

வாசலில் கேட்ட அதே அளவு. வீட்டுப் பக்கத்து வண்டு என்றால் இந்நேரம் சத்தம் அடங்கியிருக்குமே! அப்படியானால் இதுவும் தொலைவில். இதுவும் பெரிது. முகட்டுக்கு அப்பால் உறுமுவது, நரிக்கு எச்சில் எலும்பு போடுகிற புலி! அதனிடம்தான் நரி இவர்களைக் கூட்டிப்போகிறான்!

தும்பை பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், முன்னே நின்ற நரியைச் சிரித்தபடி கூப்பிட்டாள்.

“நரியண்ணா, பிடித்து எதில் போடுவது? கூடையை மறந்துட்டோமே! அது பறந்துவிடாமல் பார்த்துக்கோங்க. இதோ, ஒரே ஓட்டத்தில் வந்துடறோம்.”

“சீக்கிரம், சீக்கிரம்!” நரி நாக்கைச் சப்புக்கொட்டினான்.

மூவரும் காற்றாய்ப் பறந்தார்கள். வீட்டுக்குள் நுழையும்போது, சந்தேகப்பட்டுப் பின்னாலேயே ஓடிவந்த நரியின் குரல் ஓடைக்கரையில் கேட்டது.

“அக்கா! கூடை கிடைத்ததா?”

“கிடைத்தது அண்ணா! உங்க மின்மினிதான் இதற்குள் அடங்காதாம்!”

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழுந்தது.

நீதி: மங்கலாய்த் தெரிவதைச் சிறியதென்று எண்ணாதே, முதலில் அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பார்.