நாக்கு தொட்ட இடம்

கொரியா தேசத்தில் புது எழுத்து வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன.

"பொழுது சாய்றவரைக்கும்தான்" என்று நீதிபதி கறாராகச் சொல்லிவிட்டார். அதற்குள் உப்பு விற்கும் மல்சுன் தன் மறுப்பைத் தன் கையாலேயே எழுதிக் காட்ட வேண்டும். இல்லையென்றால், கிடங்குக்குத் தீ வைத்ததை ஒப்புக்கொள்வதாகச் சீன எழுத்தில் எழுதிய தாளில் அவள் கையை அழுத்தி, மசியால் சுற்றி வரைந்துகொள்வார்கள். படிக்காத பெண்களுக்கு அதுதான் கையெழுத்து. அப்புறம் தலை தப்பாது.

அந்தத் தாளை எழுதியதே சுன்போதான். நாற்பது வருஷம் நீதிமன்ற எழுத்தர். அதை எழுதிய பிறகு மனசு கேட்கவில்லை. வேலையை உதறிவிட்டு, தன்னைவிட இருபது வயசு இளைய பிக்குணி ஹேஜோங்கிடம் சீடராகச் சேர்ந்தார். இப்போது சிறையில் சாம்பலைப் பரப்பி மல்சுனுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறார்.

உயிர் ஒலிகளுக்கான கோடும் புள்ளியும் அவளுக்கு வந்துவிட்டன. மெய்யெழுத்துதான் பாடாய்ப்படுத்தியது.

"கொக்கி எந்தப் பக்கம் ஐயா?"

"எத்தனை தடவைம்மா சொல்றது!"

சுன்போ பக்கத்தில் உட்கார்ந்திருந்த குருவிடம் திரும்பினார்.

"அம்மா, ஒரு கொக்கி, ஒரு கட்டம், ஒரு வட்டம். இந்த உருவத்துக்கெல்லாம் ஒரு காரணம் வேண்டாமா? எதைப் பிடிச்சு இவள் ஞாபகம் வெச்சுக்குவாள்?"

ஹேஜோங் சாம்பலைத் தடவி அழித்தார்.

"'ந' சொல்லி அப்படியே நிறுத்தும்மா. நாக்கு எங்கே இருக்கு?"

"நுனி மேலே ஒட்டிக்கிச்சு. மிச்சம் கீழே படுத்திருக்கு."

ஹேஜோங் முகத்தை மல்சுனின் இடப்பக்கம் திருப்பிக் காட்டினார். "என் வாய்க்குள்ளேயும் அப்படித்தான். அதை வரை."

அவள் வரைந்தாள்: ㄴ.

அட! எழுத்தே அதுதான்.

"'க'?"

"அடிநாக்கு எழும்பித் தொண்டையை அடைக்குது." ㄱ. கொக்கி இந்தத் தடவை சரியான பக்கம் வளைந்தது.

"'ம'?"

"வாய் மூடிக்கிச்சு." கட்டம் போட்டாள்.

"வெறும் 'அ'?"

"தொண்டை திறந்திருக்கு." வட்டம் போட்டாள்.

நீதிபதி வந்துவிட்டார். மல்சுன் தூரிகையை எடுத்தாள். 'நா அனியோ' என்று எழுதினாள். நான் இல்லை என்று அர்த்தம்.

"இன்னொரு தடவை எழுது" என்றார் நீதிபதி.

எழுதினாள்.

நீதிபதி பழைய தாளைச் சுருட்டினார். "நாளைக்கு மறுபடி விசாரிக்கிறேன்."

மல்சுன் ஓவென்று அழுதுவிட்டாள்.

சுன்போ ஹேஜோங்கிடம் கேட்டார்.

"அம்மா, நான் எழுதின மத்த தாள்கள்லயும் கையை வெச்சாங்களே, அவங்க நிஜமா என்ன சொல்ல நினைச்சிருப்பாங்க?"

"அவங்கள்ல இந்தச் சிறைக்குள்ளே இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?"

"ஏழு பேர்."

"அப்புறம் ஏன் என்னைக் கேட்கறீங்க?"